அவள் கடைசியாகப் படித்தது

ஜூன் 9

என்னங்க,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள், மீதியை நான் சுவரிடம் பேசி முடிக்கிறேன். அதனால் எழுதுகிறேன். வேன்காரர் புத்தகப் பெட்டிகளோடு நம் நூலகத்துக்கும் உங்கள் கிடங்குக்கும் நடுவே ஓடிக்கொண்டுதானே இருக்கிறார்! இந்தக் கவரையும் பெட்டியில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். "வீட்டுக்காரருக்கா மேடம்? ஸ்டாம்ப் ஒட்டலையே" என்று சிரித்தார்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மூன்றாம் மாடியில் இருந்த பழைய புத்தகங்களை ஊருக்கு வெளியே கிடங்குக்கு அனுப்பலாம் என்று அந்தக் கூட்டத்தில் நான் சொன்னது உண்மை. வருஷக்கணக்கில் யாரும் தொடாதவை என்று எடுத்துக்காட்டியதும் உண்மை. அந்த மாடியைப் பார்த்துக்கொண்டவர் என் கணவர் என்பதற்காக மாற்றிச் சொல்லியிருக்கவேண்டுமா? கிடங்குக்கு ஆள் வேண்டும் என்றதும் முதல் ஆளாகக் கை தூக்கியது நீங்கள். உங்களைப் போகச் சொன்னது யார்? இதை எழுதுவதற்காகக் காகிதம் எடுக்கவில்லை. எழுதியாகிவிட்டது, அடிக்க மனமில்லை.

ரெஃபரன்ஸ் மேசையில் இப்போது நான் மட்டும்தான். முன்பு வரிசையில் நின்று கேட்பார்கள். இப்போது நேரில் வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி. சார்ஜர் எங்கே செருகலாம், பாத்ரூம் எந்தப் பக்கம். மற்றதெல்லாம் சாட்டில்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். பேசாமலே ஒரு பகல் முழுக்கப் போய்விடுகிறது. வீட்டுக்குப் போனால் அங்கேயும் அப்படியே. நம் பாப்பா வெளிநாட்டிலிருந்து கூப்பிடும்போது என் தொண்டை கரகரக்கிறது. "சளியாம்மா?" என்கிறாள். ஆமாம் என்கிறேன்.

கடிதம் எழுத உண்மையில் ஒரு வேலை இருக்கிறது. சாட்டில் ஒருவர் அடிக்கடி வருகிறார். பெயர் எனக்குத் தெரியாது, திரையில் அடையாள எண்தான் தெரியும். ஆராய்ச்சி மாணவர் கணக்கு. ஆனால் எழுதுவது மாணவர் மாதிரி இல்லை. புள்ளி, கமா எதுவும் கிடையாது. என்னை "ஐயா" என்கிறார். கேட்பது தவளைகளின் ஒலி பற்றிய ஒரு பழைய சஞ்சிகை. அதுவும் முழுக் கட்டுரை இல்லை, நடுவிலிருந்து சில பக்கம். அந்தத் தொகுதி உங்களிடம் இருக்கிறது. விவரச்சீட்டு வைத்திருக்கிறேன். ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.

சாப்பிடுகிறீர்களா என்று கேட்கமாட்டேன். கேட்டால் அதற்கும் சண்டை வரும்.

நான்

*

ஜூன் 12

டீச்சருக்கு,

ஸ்கேன் அனுப்பியாகிவிட்டது. எழுபத்து மூன்றாம் பக்கம் பூச்சி அரித்தது. உன் கணக்கில் அது வராது.

கிடங்கு நன்றாக இருக்கிறது. இங்கே புத்தகங்களை விஷயப்படி அடுக்குவதில்லை, உயரப்படி அடுக்குகிறார்கள். சட்டப் புத்தகத்துக்குப் பக்கத்தில் சமையல், சமையலுக்குப் பக்கத்தில் வானியல். ஒரே உயரம் என்பதைத் தவிர ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரு இயந்திரம் தண்டவாளத்தில் ஓடிப்போய்த் தட்டை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைக்கும். நான் எடுப்பேன், ஸ்கேன் செய்வேன், வைப்பேன். அது கொண்டுபோய்விடும். நன்றி சொல்லிப் பார்த்தேன், கண்டுகொள்ளவில்லை. யாரும் நடமாடவில்லை என்றால் விளக்குகள் தாமே அணைந்துவிடும். சாப்பிடும்போது நடுநடுவே கையை ஆட்டவேண்டியிருக்கிறது. சாப்பிடுகிறேனா என்ற கேள்விக்கு இது பதில்.

அந்தத் தவளைத் தொகுதியைக் கேட்டது யார் என்று எனக்குத் தெரியும். நீ நினைக்கிற மாதிரி பெரியவர் யாரும் இல்லை. ஒரு பெண். போன வருஷம் மழை தொடங்கியபோது இங்கேயே வந்துவிட்டாள். இந்தக் கிடங்குக்கு நேரில் வந்த ஒரே வாசகி. மழை விட்டதும் திரும்ப வருகிறேன் என்று சொன்னவள் வரவே இல்லை. எங்கேயாவது வேலை கிடைத்துப் போய்விட்டாளோ என்று நினைத்தேன். இங்கேதான் இருக்கிறாளா? நல்ல பெண். கிடங்குக்காரர் விசாரித்தார் என்று சொல். அப்படியே, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது அழகா என்றும் கேள்.

*

ஜூன் 18

என்னங்க,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நீங்கள் சொன்னபடி விசாரித்தேன். "கிடங்கில் இருப்பவர் உங்களைக் கேட்டார், நலமா?" என்று அடித்தேன். அந்தப் பக்கம் எழுதத் தொடங்குவதும் நிறுத்துவதுமாக இருந்தது திரையில் தெரிந்தது. கடைசியில் வந்தது:

"அவருக்கு அவள தெரியுமா"

"யாரை?"

"எம் பொண்ண. நான் அவ அப்பா. மன்னிச்சிடுங்க ஐயா"

"ஐயா இல்லை, அம்மா" என்று திருத்தினேன். அந்த நேரத்தில் போய் அதைத் திருத்தியிருக்கிறேன் பாருங்கள். நீங்கள் எனக்கு டீச்சர் என்று பெயர் வைத்தது சரிதான்.

அந்தப் பெண் இல்லைங்க. போன மழையில் இறந்துவிட்டாள். ஏரிக்கரையில் தனியாகத் தவளைச் சத்தம் பதிவு செய்யப் போனவள் தண்ணீரில் விழுந்துவிட்டாள். கால் வழுக்கியது என்று போலீஸ் எழுதிக் கொடுத்திருக்கிறது. கரையில் பதிவுக் கருவி மட்டும் நனையாமல் பையில் இருந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் வேறு மாதிரி பேசுகிறார்கள். கருவியைப் பத்திரமாக வைத்துவிட்டு இறங்கினவள் எப்படி வழுக்கி விழுவாள் என்று. அதைக் கேட்டதிலிருந்து அவள் அம்மா யாரோடும் பேசுவதில்லையாம்.

அப்பா லாரிகளுக்கு டிங்கரிங் வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். மகளின் லேப்டாப்பில் லாகின் அப்படியே திறந்து கிடந்திருக்கிறது. ஆராய்ச்சி மாணவர் கணக்குக்கு இங்கே ஐந்து வருஷ ஆயுள். அவள் போனதை அவள் துறை எங்களுக்குச் சொல்லவில்லை. அவள் மேசையில் பாதியில் நிற்கிற ஜெராக்ஸ் தாள்கள் இருக்கின்றனவாம். அவற்றின் மீதியைத்தான் இத்தனை நாளும் நம்மிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அது புரியுதா?" என்று கேட்டேன்.

"புரியல. அவ பாதில விட்டது அதான்"

பிறகு கேட்டார்: "அவ கடைசியா என்ன படிச்சான்னு நீங்க பாத்து சொல்ல முடியுமா அம்மா. அத மட்டும் சொல்லுங்க. செத்துப்போகணும்னு இருந்தவ என்ன படிப்பா உயிரோட இருக்கணும்னு இருந்தவ என்ன படிப்பா எனக்கு அது தெரிஞ்சா போதும்"

முடியாது என்று சொன்னேன். ஒரு வாசகர் என்ன படித்தார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் மட்டுமே. அம்மா அப்பா கேட்டாலும் கிடையாது. வாசகர் இறந்துவிட்டாலும் கிடையாது. இதைத் தன்மையாகத்தான் எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்தால் மின்சார வாரியம் அனுப்பிய அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

"சரிங்க அம்மா" என்று வந்தது. திரையில் அவர் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த பச்சை விளக்கு அணைந்துவிட்டது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லாதீர்கள்.

நான்

*

ஜூன் 22

சொல்லத்தான் போகிறேன்.

கடிதம் கையில் இருக்கும்போதே விளக்கு அணைந்துவிட்டது. கையை ஆட்டத் தோன்றவில்லை. சாயங்காலம் வேன்காரர் மறுபடி வந்து கதவைத் திறந்தபோதுதான் வெளிச்சம் வந்தது. "என்ன சார், இருட்டுல உக்காந்திருக்கீங்க?" என்றார். அவரும் அவளை மறக்கவில்லை. அவர் வண்டியில்தானே வந்தாள், பெட்டிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு.

நல்ல மழை பிடித்துக்கொண்ட அன்று வந்தாள். கதவருகில் நின்று துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே, "சார், ஸ்கேன்ல படம் எல்லாம் கறுப்பா வருது. நெஜத்தைப் பாக்கணும்" என்றாள். விதிப்படி வாசகர் உள்ளே வரக்கூடாது. வாசகர் என்று ஒருவர் வருவார் என்று யாரும் நினைக்காததால், வந்தால் என்ன செய்வதென்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உள்ளே விட்டேன்.

ஒரு நாற்காலிதான் இருக்கிறது. அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள். தவளைகள் கூப்பிடும் சத்தத்தை வரைபடமாகப் போட்டிருந்த பக்கங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து, வாயால் செய்து காட்டினாள். ஊருக்குள் இரைச்சல் அதிகமான இடத்தில் தவளைகள் குரலை உயர்த்திக் கூப்பிடுகின்றனவாம். "எங்கப்பா பட்டறைல பேசற மாதிரி சார். வீட்டுக்கு வந்தாலும் கத்திக்கிட்டேதான் பேசுவார். உப்பு வேணும்னு கேட்டாக்கூடப் பக்கத்து வீட்ல எடுத்துக் குடுப்பாங்க." அவள் சிரித்த சிரிப்பில் அந்தக் கடைசி வரிசை வரைக்கும் விளக்குகள் எரிந்தன. உண்மை. அப்படி ஆடி ஆடிச் சிரித்தாள். என் டப்பாவில் பாதியைச் சாப்பிட்டாள். உப்பில்லை என்றாள்.

போகும்போது, "மழை விட்டதும் வர்றேன் சார். இதை அந்த மிஷின்கிட்டத் திருப்பிக் குடுத்துடாதீங்க, இங்கயே வைங்க" என்றாள். வைத்தேன். மழை விட்டது, வெயில் வந்தது. நானும் அவளைத் திட்டிக்கொண்டே அந்தத் தொகுதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செத்துப்போகிற எண்ணம் உள்ளவள் அடுத்தவன் டப்பாவில் உப்பு பார்ப்பாளா?

அந்த அப்பாவுக்குக் கொடு. என்ன படித்தாள் என்று பார்த்துச் சொல். ஒரு மனிதன் மகளைப் பறிகொடுத்துவிட்டு உன் ஜன்னலில் வந்து நிற்கிறான், நீ விதியை எடுத்து நீட்டுகிறாய். அன்றைக்கு மூன்றாம் மாடிக்கும் இதைத்தான் செய்தாய். எண்ணைப் பார்த்தாய், வேறு எதையும் பார்க்கவில்லை.

*

ஜூன் 27

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். கடைசிப் பத்தியைப் படித்து நிறுத்திவிட்டேன். இரண்டுக்கும் நன்றி.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கணவர் மேசைக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பூப்போட்ட சட்டை, வாசனை எண்ணெய். "என் ஒய்ஃப் என்ன புக் எடுக்கறான்னு தெரியணும், சும்மா சர்ப்ரைஸ் குடுக்க" என்றார். நான் மறுத்தேன். அவரும் என்னைக் கல்நெஞ்சக்காரி என்றார். அந்தப் பெண் எடுத்துக்கொண்டிருந்தது விவாகரத்துச் சட்டம். அவருக்குச் சொல்லாத வாயை இவருக்கு மட்டும் எப்படித் திறப்பேன்? இவர் நல்லவர், அவர் கெட்டவர் என்று முகம் பார்த்துத் தீர்மானிக்கிற உரிமையை எனக்கு யார் கொடுத்தார்கள்? சாட்டில் முகம்கூட இல்லை.

நான் பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விதி என்று எழுதியதும் கோபம் வந்து அவள் கணக்கைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. என்ன இருந்தது என்று உங்களிடமும் சொல்லமாட்டேன். "பயப்படும்படி ஒன்றும் இல்லை" என்று ஒரு வரி சொன்னால் போதுமே என்பீர்கள். இன்று இவரிடம் அதைச் சொல்லிவிட்டால், நாளைக்கு வேறொரு அப்பா வருவார், அவரிடம் அப்படிச் சொல்லமுடியாமல் இருக்கும். அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருப்பதே பதிலாகிவிடும். யோசித்துப் பாருங்கள். நான் தூங்காமல் யோசித்ததுதான் இது.

ஆனால் ஒன்று இருக்கிறது. அவள் உங்களிடம் கேட்ட தொகுதி நூலகத்துடையது. அவள் நனைந்து வந்தது, சிரித்தது, உப்பில்லை என்றது, திரும்ப வருகிறேன் என்றது எதுவும் எங்கள் கணினியில் இல்லை. அது உங்களுடையது. நீங்கள் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி அவள் அப்பாவிடம் சொல்ல எந்த விதியும் குறுக்கே வராது. எழுதி அனுப்புங்கள், நான் சாட்டில் அவருக்கு அனுப்புகிறேன். அவர் வருகிறவரை அந்தக் கணக்கை மூடாமல் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் பாதிக்குள் மூடவேண்டும். இயக்குநர் கேட்டார், "இறந்தவர் கணக்கில் இத்தனை நாள் யாருக்கு சர்வீஸ் பண்ணீங்க?" என்று. நல்ல கேள்வி. ரெஃபரன்ஸ் மேசையில் எனக்கு விடை தெரியாத கேள்வி அது ஒன்றுதான்.

முகவரி கேட்காதீர்கள். அதுவும் தரமாட்டேன்.

நான்

*

ஜூலை 4

நீங்கள் பதில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது.

சாட்டில் அவர் வந்தார். "உங்க வீட்டுக்காரர் வந்தாரு அம்மா. ரொம்ப நேரம் இருந்தாரு" என்று எழுதினார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "எங்க வீட்ல அவ அம்மா நேத்து எங்கிட்ட பேசுனா" என்று மட்டும் எழுதினார். அதைப் படித்ததும் திரையின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாணவன் வந்து, "மேடம், ஹேங் ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

இது நல்ல செய்தி. இதற்காக உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். சொல்கிறேன்.

அடுத்தது இதுதான். நீங்கள் ஊருக்குள் வந்திருக்கிறீர்கள். அந்தப் பட்டறைக்கும் நம் வீட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நான் அளந்து சொல்லத் தேவையில்லை. முன்பின் தெரியாத மனிதரோடு ரொம்ப நேரம் இருக்க முடிந்திருக்கிறது. சாவி உங்களிடம் ஒன்று இருக்கிறது. நான் வேலையில் இருந்தாலும் நீங்கள் வந்து போனது எனக்குத் தெரியும். ஒரு டம்ளர் இடம் மாறியிருந்தால் தெரியும். ஒன்றும் மாறவில்லை. எல்லாம் நான் வைத்தபடியே இருந்தன. ஒரு வருஷமாக அப்படித்தான் இருக்கின்றன.

கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள். ஒன்றும் இல்லாமல் வந்து போகாதீர்கள்.

*

ஜூலை 8

டீச்சருக்கு,

முதலில் பட்டறை.

முகவரி உன்னிடம் கேட்கவில்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் என்று அவளே சொல்லியிருந்தாள். அங்கே போனதும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். லாரிக் கதவு ஒன்றைக் கிடத்தி நாலைந்து பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெரிய ஆள். நரைத்த மீசை. நான் யார் என்று கத்திச் சொன்னேன். கேட்கவில்லை. காதருகே போய்ச் சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்துவிட்டார்கள்.

"உக்காருங்க" என்றார். அவள் சொன்னது உண்மை, அந்த அமைதியிலும் அந்த மனிதர் கத்தித்தான் பேசினார்.

நான் உனக்கு எழுதியதையெல்லாம் சொன்னேன். மழை, வேன், துப்பட்டா, டப்பா. உப்புக் கதையைச் சொன்னபோது அவர் சிரித்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"என்ன சத்தம் போட்டுக் காட்டினா?"

"தவளைச் சத்தம்."

"அது தெரியும். எப்பிடி?"

"எனக்கு வராதுங்க."

"பரவால்ல, வர்ற மாதிரி போடுங்க."

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். நம் கல்யாணத்தில் பாடச் சொன்னதற்கு மண்டபத்தை விட்டே ஓடியவன். அத்தனை பேருக்கு நடுவே, கிரீஸ் தரையில் முக்காலிமேல் உட்கார்ந்து, தவளை மாதிரி கத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் தலையைச் சாய்த்து நல்ல காதை என் பக்கம் கொண்டுவந்தார். "இன்னொருக்கா" என்றார். கத்தினேன். "அவ இதவிட நல்லா போடுவா" என்றார்.

"ஆமாங்க. ரொம்ப நல்லா போட்டா."

"திரும்ப வர்றேன்னு அவளா சொன்னாளா, நீங்க கேட்டதுக்குச் சொன்னாளா?"

"அவளாத்தான் சொன்னா. புக்கை எடுத்து வைக்கச் சொன்னா. மிஷின்கிட்டக் குடுக்காதீங்கன்னா."

அந்த மனிதர் எழுந்து உள்ளே போனார். தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. நெடுநேரம் ஓடியது. வந்து, வேலைக்காரர்களைப் பார்த்து, "என்னடா பாத்துக்கிட்டு நிக்கறீங்க, அடிங்கடா" என்றார். அவர்கள் அடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார். அந்தச் சத்தமில்லாத பட்டறையைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்தது, வீட்டுக்கு ஏன் வரவில்லை என்பது.

வீட்டுக்கு வரவில்லை. நூலகத்துக்கு வந்தேன். நீ இருப்பாய் என்று தெரியும். பின்வாசல் வழியாக நுழைந்து முதலில் மூன்றாம் மாடிக்குப் போனேன். உன்னோடு சண்டை போட அங்கே போய் ஒரு முறை வயிற்றெரிச்சலை ஏற்றிக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன்.

மாடி நிறைய ஆட்கள். என் காலத்தில் அந்த மாடியில் ஒரு பகலில் இரண்டு பேர் வந்தால் அதிகம். இப்போது உட்கார இடமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சோபாவில் காலை மடக்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் குசுகுசுவென்று ஏதோ கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். என் அலமாரிகள் நின்ற இடம் எது என்று தரையில் தேடினேன். தடம்கூட இல்லை. நானாக இருந்தாலும் அந்த வயதில் இங்கேதான் வந்து உட்கார்ந்திருப்பேன்.

அங்கிருந்து கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே பார்த்தால் உன் மேசை தெரியும். நீ கண்ணாடிக்குப் பின்னால் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாய். உன்னைக் கடந்து எத்தனையோ பேர் போனார்கள். ஒருவர்கூட நிற்கவில்லை. யாருக்கோ அடித்துக்கொண்டிருந்தாய். நடுவில் ஒரு முறை நிமிர்ந்து வாசலைப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தாய். உச்சியில் நரை கூடியிருக்கிறது.

இறங்கி வந்திருந்தால் நீ சொன்னது சரி என்று சொல்லவேண்டியிருந்திருக்கும். மனசில் சொல்லிப் பார்த்தேன், வந்தது. வாயில் வரவில்லை. வந்த வழியே போய் வேனில் ஏறிக்கொண்டேன்.

கையில் வருகிறது. நீ சொன்னது சரி.

இன்னொன்று. கிடங்கிலிருந்து என்னைத் திரும்ப அழைக்கச் சொல்லி இயக்குநரிடம் நீ கேட்டிருப்பதாக வேன்காரர் சொன்னார். வேண்டாம். நான் இங்கேயே இருக்கிறேன். இது கோபம் இல்லை. அந்த மாடியில் எனக்கு வேலை இல்லை. இங்கே இருக்கிறது. மறுபடி யாராவது நனைந்துகொண்டு வந்தால் கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டும்.

*

ஜூலை 12

என்னங்க,

நேற்று அவர் வந்தார். நேரில்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நகத்திலிருந்த கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோன விரல்களோடு கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். முதலில் எனக்கு அவர் யார் என்று தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றினேன். "அம்மாவா, ஐயாவா?" என்றார். அவ்வளவு பெரிய குரல். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவள் கணக்கை மூடவேண்டும் என்று முதல் நாள் சாட்டில் எழுதியிருந்தேன். "மூடுங்க அம்மா. ஆனா நான் இருக்கும்போது மூடுங்க" என்றிருந்தார். அதற்குத்தான் வந்தார். திரையை அவர் பக்கம் திருப்ப விதி இல்லை. திருப்பவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டேன். அவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு என் விரலையே பார்த்தார். பொத்தானை அழுத்தினேன். "அவ்ளோதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன். நான் இத்தனை வருஷத்தில் மூடிய கணக்குகள் எத்தனையோ. அழுத்துவதற்கு முன் எண்ணை இரண்டு முறை சரிபார்த்தது இதற்குத்தான்.

பிறகு அவர் பெயரிலேயே வெளி வாசகர் அட்டை போட்டுக்கொடுத்தேன். "நான் படிச்சவன் இல்லைம்மா. எனக்குப் புரியற மாதிரி தவளை பத்தி ஒண்ணு குடுங்க" என்றார். தேடினேன். ஒரு வருஷத்தில் முதல் முறையாக மேசையை விட்டு எழுந்து, ஒருவரோடு சேர்ந்து நடந்து, அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை என் கையால் எடுத்துக்கொடுத்தேன். நிறையப் படங்கள் உள்ள புத்தகம். அதை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார். போய்ப் பார்த்தபோது மடியில் விரித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண் குறட்டைச் சத்தத்துக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவேண்டாம் என்று சைகை காட்டினேன்.

நான் சொன்னது சரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காக ஒரு வருஷம் காத்திருந்தேன். வந்துவிட்டது. வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. சமையலறையில் நின்றுகொண்டே இரண்டு முறை படித்தேன், பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கூட்டத்தில் எல்லாரும் புத்தகங்கள் எங்கே போகும் என்று கேட்டார்கள். அவற்றோடு இருக்கிற ஆள் எங்கே போவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டியவள் நான்தான். நான் சரியாகச் சொன்னதில் அது மட்டும் இல்லை.

திரும்ப அழைக்கச் சொன்னதை இயக்குநரிடம் வாபஸ் வாங்கிவிட்டேன். நீங்கள் மாடியிலிருந்து பார்த்தீர்கள் என்று படித்ததிலிருந்து வேலையில் அடிக்கடி மேலே பார்த்துக்கொள்கிறேன். மாணவர்கள் கூரையில் ஏதோ ஒழுகுகிறது என்று நினைக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேன் ஓடாது. பஸ்ஸில் வரலாம் என்று இருக்கிறேன். வரவேண்டாம் என்றால் எழுதுங்கள். எழுதாவிட்டால் வருவேன்.

நான்

*

ஜூலை 15

டீச்சருக்கு,

எழுதாவிட்டால் வருவேன் என்றாய். எழுதுகிறேன், ஆனாலும் வா.

பஸ் கிடங்கு வாசலில் நிற்காது. நடத்துநரிடம் கிடங்கு என்று சொன்னால் அவருக்குத் தெரியாது. சிமெண்ட் ஆலை என்று சொல். வலது பக்கம் உட்காராதே, வெயில் முகத்தில் அடிக்கும். ஆலையைத் தாண்டி ஒரு வளைவு வரும், அங்கேயே எழுந்து நின்றுகொள். நீ மெதுவாக எழுந்திருப்பாய், அவர்கள் அதற்குள் எடுத்துவிடுவார்கள். கம்பளி கொண்டு வா. உள்ளே குளிர், புத்தகங்களுக்காக. மனிதருக்கு அது கொஞ்சம் அதிகம். சமைத்து எடுத்துக்கொண்டு அலையாதே. இருப்பதைச் சாப்பிடலாம்.

பாப்பாவிடம் சொல்லிவிட்டு வா. நேற்று என்னைக் கூப்பிட்டு, "அம்மா குரல் சரியாயிடுச்சுப்பா" என்றாள்.

நிறுத்தத்தில் நிழல் கிடையாது, பெஞ்சும் கிடையாது. ஒரு கம்பமும் பாதி அழிந்த பலகையும் இருக்கும். நான் முன்னதாகவே வந்து அங்கே நிற்பேன். நீ இறங்கும்போது என்னைக் காணவில்லை என்றால் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது என்று அர்த்தம், வேறு எதுவும் இல்லை. வழி கேட்டுக்கொண்டு கிளம்பிவிடாதே. அங்கேயே இரு.